எட்டாயிரத்துக்கு மேல் எண்ணாத மென்பொருளும் எங்கள் வீட்டு நாயும்

எங்கள் வீட்டு நாயின் வலது காது மடிந்து தொங்குவதற்கு என் மாமனார் சொல்லும் காரணம், அது குட்டியாக இருந்தபோது ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கியதுதான். முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், வீட்டுக்கு வெள்ளையடித்த சமயத்தில் அது சுண்ணாம்பு வாளிக்குள் காலை விட்டது. வெள்ளையடித்த சுவர் பழுப்பேறிப் பல காலம் ஆயிற்று, கால் மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. "நல்ல சுண்ணாம்பு ஆத்தா, இப்பல்லாம் அந்தச் சரக்கு எங்க வருது" என்பார். மற்றபடி செவலை உடம்பு, கருத்த வாய், முறைக்கிற கண். அசல் கோம்பை நாய் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

சிக்கல் என்னவென்றால் நாங்கள் இருப்பதும் அந்த இனத்துக்குப் பெயர் கொடுத்த கோம்பை ஊரிலேயேதான். வேறு ஊரில் இதைக் கோம்பை நாய் என்றால் நம்பிவிடுவார்கள். இங்கே டீக்கடையில் பேப்பர் படிக்கிற ஆள்கூடத் தலையைத் தூக்காமலே, நடக்கிற சத்தத்தை வைத்து நாயின் தாத்தா யார் என்று சொல்லுவார். எங்கள் நாய் கடந்துபோனால் மட்டும் அவர்கள் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். அது மரியாதை என்று மாமா நினைத்துக்கொள்வார்.

மாமா அதைத் "தம்பி" என்று கூப்பிடுவார். என் மாமியார் "சனியன்" என்று கூப்பிடுவார். இரண்டுக்கும் அது வாலாட்டிக்கொண்டு வரும். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை, என் செருப்பைக் கழற்றினாலே போதும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். எங்கள் வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடி மரியாதை தராசுக்குத்தான். எடை குறைத்துப் போடுகிறவனை அப்பா மனுஷக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கோபமும் சட்டென்று வரும். கல்யாணமாகிக் கோம்பைக்கு வந்தபின் பெங்களூரில் உள்ள ஒரு மரபணு ஆய்வகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அங்கே இயந்திரம் டிஎன்ஏவைப் படித்துக் கொட்டும். கொட்டியதை நான் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து கணினியில் அலசுவேன். "கம்ப்யூட்டர்ல எழுத்து எண்ணுற வேல" என்று அத்தை தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

எல்லாம் கூழ் வத்தலில் ஆரம்பித்தது. அத்தை மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வரிசை வரிசையாக வத்தல் ஊற்றிக் காயவைத்திருந்தார். நாய் மாடிக்குப் போய் வேட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, வரிசை கலையாமல் தின்று முடித்தது. பிறகு கீழே வந்து ஒரு வாளித் தண்ணீர் குடித்தது. காய்ந்த வத்தல் தண்ணீர் பட்டால் என்ன செய்யுமோ அதை வயிற்றுக்குள் செய்தது. சாயங்காலம் நாய் உருண்டையாக வாசலில் கிடந்து முனகியது. அத்தை தெருவுக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டே சீரகத் தண்ணீர் காய்ச்சி ஆற்றி அதன் வாயில் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். கூட்டம் சேர்ந்ததும் அத்தைக்கு வேகம் கூடிவிட்டது. மாமாவுக்கும் கூட்டத்துக்கும் சேர்த்தே சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது கோம்பை நாயின்னு நெசமா ஒரு ஆதாரம் வந்துச்சுன்னா இருக்கட்டும், நானே சோறு போடுறேன். இல்லாட்டி பொட்டிப்புரத்துக்குக் கொண்டுபோயி ஒங்க தங்கச்சி தோட்டத்து மோட்டார் ரூம்ல கட்டிப் போட்டு வந்துருங்க. இனி இந்த வீட்டுல இதுக்கு எடமில்ல."

மோட்டார் ரூம் என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து நடுவில் தகரக் கூரை, சங்கிலி, நாளுக்கு ஒருமுறை வருகிற சோறு. இந்த நாயோ, மாமா சாப்பிட உட்கார்ந்தால் அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்தையும் வாய்வரை கண்ணால் வழியனுப்புகிற நாய். அதை விட்டுவிட்டு அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மதுரையில் வேலை பார்க்கிற என் கணவருக்குப் போன் போட்டேன். "நீயாச்சு, எங்கம்மாவாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் பிழைக்கத் தெரிந்தவர்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆய்வகம் நாட்டு நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தது. கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பல ஊர் நாய்களின் எச்சில் மாதிரியை எடுத்து ஒப்பிட வைத்திருந்தோம். கோம்பை மாதிரிகளில் பாதி, நானே எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் எடுத்தவை. எங்கள் நாயை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தேன். காரணத்தை மாமாவிடம் சொல்லவில்லை. இப்போது என் மேலாளரிடம் கேட்டபோது, "ஒரு நாய் கூட வந்தால் என்ன, அனுப்பு" என்று சொல்லிவிட்டார். அத்தையும், "சரி, மெசின் சொல்லட்டும், மெசினுக்கு ஒங்க மாமாவத் தெரியாதுல்ல" என்று ஒத்துக்கொண்டார். இப்படியாக ஒரு நாயின் தலையெழுத்து என் மடிக்கணினிக்குள் வந்து விழுந்தது.

ஒரு நாய்க்கு இரண்டு பஞ்சுக் குச்சிகள். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, காயவைத்து, தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு நாளில் எடுப்பது நல்லது. முதல் குச்சி என் கண் முன்னாலேயே நடந்தது. மாமா குளித்து, துவைத்த வேட்டி கட்டி, நாய்க்கும் நெற்றியில் திருநீறு பூசி உட்காரவைத்தார்.

"ஏலே தம்பி, ஆ காட்டு. ஆத்தா ஒன்னயப் பெங்களூருக்கு அனுப்பப் போறா."

தம்பி வாயைத் திறந்தது, குச்சியைக் கவ்வியது, கொல்லைக்கு ஓடியது. கடைசியில் மாமா தன் வாயைப் பெரிதாகத் திறந்து தன் கன்னத்தில் விரலை விட்டுக் காண்பித்து, "இம்புட்டுத்தேன்டா" என்று செய்து காட்டினார். நாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இன்னொரு குச்சியை உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். மாமாவின் வாய் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.

இரண்டாவது குச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு. ஞாயிறு காலைகளில் நானும், வார லீவுக்கு மதுரையிலிருந்து வரும் என் கணவரும் தேனியில் சர்ச்சுக்குப் போவது வழக்கம். மாமா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்க ஆள் வந்துவிட்டதென்று போய்விட்டார். நாங்கள் மத்தியானம் திரும்பியபோது இரண்டாவது உறை என் மேசைமேல் இருந்தது. ஒட்டி, தேதி எழுதி, மூலையில் மஞ்சள்கூட வைத்திருந்தது.

"நானே எடுத்துட்டேன். நீ வந்து வேற மெனக்கெடணுமா" என்றார் அத்தை.

இவ்வளவு ஒத்தாசையை நான் எதிர்பார்க்கவில்லை. தோற்கப்போகிற கட்சிக்காரர் இவ்வளவு உற்சாகமாக இருக்கமாட்டார், நாயை அனுப்பிவிட அத்தைக்கு அத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. உறைகள் இரண்டையும் கூரியரில் போட்டேன்.

முடிவு வருவதற்குள் மாமா மாடிப்படி ஏறி இறங்கியே மெலிந்துபோனார். கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டு வருவார். மோர் கொண்டு வருவார். ஒன்றும் இல்லாவிட்டால் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வருவார். கணினியை நேராகப் பார்க்கமாட்டார், ஓரக்கண்ணால் பார்ப்பார். நாயும் கூடவே வந்து என் காலடியில் படுத்துக்கொள்ளும். அதன் எச்சிலைப் பெங்களூரில் ஆய்வகத்தார் பிரித்து மேய்ந்துகொண்டிருக்க, அது இங்கே என் பாதத்தில் மேற்கொண்டு எச்சில் வைத்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கோப்பு வந்து சேர்ந்தது. ஒரே நாய்தானே என்று இரண்டு குச்சிகளின் எழுத்துகளையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். நான் ஒப்பிடும் மென்பொருளை ஓட்டினேன். திரையில் வந்தது இதுதான். ஆண் நாய். கோம்பை கொஞ்சம், ராஜபாளையம் கொஞ்சம், மிச்சமெல்லாம் எந்த ஊர் என்று மென்பொருளுக்கே தெரியாத தெரு. மாமா படியேறுகிற சத்தம் கேட்டது. நான் சட்டென்று திரையை மூடிவிட்டு மின்விசிறியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அது நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் போனபின் மறுபடி திறந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எந்த இடத்தை எடுத்தாலும் எண்ணிக்கை எட்டாயிரத்தை ஒட்டியே நின்றது. ஓர் இடத்தில்கூட ஒன்பதாயிரம் இல்லை. இயற்கையில் எதுவும் இப்படி வெட்டிவைத்த மாதிரி நிற்காது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். டிஎன்ஏ ஒரு நீளமான எழுத்து வரிசை. இயந்திரம் அதை ஒரே மூச்சில் படிக்காது, சின்னச் சின்னத் துண்டாகத் திரும்பத் திரும்பப் படிக்கும். ஓர் இடத்தை எத்தனை துண்டுகள் படித்திருக்கின்றன என்பதைத்தான் நாங்கள் ஆழம் என்போம். ஒரு துண்டு தப்பாகப் படிக்கலாம், நிறையத் துண்டுகள் சேர்ந்து ஒரே தப்பைச் செய்யாது. அதனால் ஆழம் கூடினால் நம்பிக்கை கூடும். எங்கள் நாய்க்கு ஓர் இடத்துக்கு லட்சத்துக்கு மேல் துண்டுகள் வந்திருந்தன. ஆனால் எண்ணுகிற மென்பொருள், கணினிக்கு மூச்சு முட்டக் கூடாதென்று, முதல் எட்டாயிரத்தை எண்ணியதும் கடையைச் சாத்திவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. சாத்தியதை நம்மிடம் சொல்லவும் சொல்லாது.

எனக்கு வந்ததே கோபம். லாரி நிறைய மூட்டை வந்து நிற்கும்போது, வாசலோரம் கிடந்த ஒன்றை மட்டும் தராசில் வைத்துவிட்டு, மொத்தச் சரக்கும் இப்படித்தான் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற ஆளை அப்பா கடைப்பக்கமே விடமாட்டார். நானோ அப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு நாயை மோட்டார் ரூமுக்கு அனுப்பப் பார்த்தேன். அதிலும் கோப்பில் முதல் குச்சியின் துண்டுகள் முன்னால் இருந்தன, இரண்டாவது குச்சியினுடையவை பின்னால். எட்டாயிரத்தோடு நின்றால் இரண்டாவது குச்சிக்கு முறையே வராது. அத்தை பாடுபட்டு எடுத்த குச்சியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரம்பை உயர்த்தினால் போதும், ஒரு சின்ன எண்ணை மாற்றுகிற வேலை. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் அந்த எண்ணைப் பூட்டி வைத்திருந்தார்கள். முன்பு யாரோ ஒருவர் அதை ஒரேயடியாகத் தூக்கிவிட்டு சர்வரையே படுக்கவைத்துவிட்டாராம். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எழுதினேன். "நோட்டட்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், எதற்காக வேண்டும் என்று கேட்டார். வீட்டு நாய்க்கு என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. "அவசர மாதிரி" என்று எழுதினேன். அதற்கும் நோட்டட்.

சரி, பூட்டை உடைக்க வேண்டாம், சுவரேறிக் குதிக்கலாம் என்று முடிவு செய்தேன். மொத்தக் கோப்பையும் கூறு கூறாகப் பிரித்தேன். எந்தக் கூறிலும் ஓர் இடத்துக்கு எட்டாயிரம் வராதபடி, முன்னாலிருந்து பின்னால்வரை வந்த வரிசையிலேயே பிரித்தேன். பிறகு ஒவ்வொரு கூறையும் தனியாக எண்ணவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. சின்னத் தராசு வைத்திருக்கிறவன் பெரிய மூட்டையைப் பிரித்துப் பிரித்துப் போடுவதுபோலத்தான். மென்பொருளுக்கு அது ஏமாற்றப்படுவதே தெரியவில்லை. ஒவ்வொரு கூறையும் புதுச் சரக்கு என்று நினைத்து எண்ணிக்கொண்டே இருந்தது.

மாமா மோரோடு வந்தார். இம்முறை மறைக்காமல் சொன்னேன். "மாமா, மேலோட்டமாப் பாத்தா சரியா வரல. அதனால இன்னும் ஆழமாப் போறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன்! போடு ஆத்தா, நல்லா எறக்கிப் போடு. நம்ம தோட்டத்துல போர் போடும்போதும் மொதல்ல வெறும் பாறையாத்தேன் வந்துச்சு. அம்புட்டுப் பேரும் போதும் போதும்னாக. நாந்தேன் விடல. கீழ போகப் போகத்தேன் தண்ணி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கூறு முடியும்போதும் எண்கள் திரையில் கூடிக்கொண்டே வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், கோம்பைப் பங்கு ஏறியது. கொஞ்சம் இருந்தது பாதியைத் தொட்டது, பாதியைத் தாண்டியது. மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஈரம் தட்டிருச்சு! விடாத, விடாத!" என்று நாயின் முதுகில் தட்டினார். நாய் எழுந்து நின்று குரைத்தது. எனக்கும் புல்லரித்தது. மேலே தெரு, அடியில் கோம்பை என்று ஒரு நாய் இருக்க முடியாது என்று படித்த படிப்பெல்லாம் சொல்லியது. நான் அந்தப் படிப்பின் வாயைப் பொத்தி உட்காரவைத்தேன்.

அப்புறம்தான் ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் கண்ணில் பட்டது. ஆண் நாய்க்கு மட்டுமே இருக்க வேண்டிய எழுத்துகள், ஆழம் கூடக் கூட, இருக்க வேண்டிய அளவில் பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கோம்பைத்தனம் ஏற ஏற எங்கள் நாயின் ஆண்மை குறைந்தது. நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். அங்கே எந்த மாற்றமும் இல்லை.

"என்ன ஆத்தா, பாறை தட்டிருச்சா?" என்றார் மாமா.

"ஒரு நிமிசம் மாமா" என்று சொல்லிவிட்டு, எந்தத் துண்டு எந்தக் குச்சியிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை வைத்து இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தேன். முதல் குச்சி, ஆண், தெரு. இரண்டாவது குச்சி, பெண், அப்பழுக்கில்லாத கோம்பை. எங்கள் வீட்டில் ஒரு நாய்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் குச்சி மாறிவிட்டது என்று பெங்களூருக்குக் காரசாரமாக ஒரு கடிதம்கூடத் தட்டிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஏதோ தோன்றி, இரண்டாவது குச்சியை எங்கள் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டேன். ஒன்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அடுத்த தெரு உரக்கடைக்காரர் வீட்டுப் பெட்டை. கண்காட்சியில் கோப்பை வாங்கி, அந்தக் கோப்பையிலேயே தண்ணீர் குடிக்கிற நாய். அதன் வாயில் முதல் தடவை குச்சி விட்டவள் நான்தான். இரண்டாவது தடவை விட்டது யார் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. கடிதத்தை அழித்துவிட்டுக் கீழே இறங்கினேன். பின்னாலேயே மாமா, அவர் பின்னாலேயே நாய்.

அத்தை கொல்லைப்பக்கம் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்த, ரெண்டாவது குச்சிய யாரு வாயில விட்டீக?"

கை நின்றது. "நம்ம சனியன் வாயிலதேன். வேற யாரு வாயில விடுவாக?"

"சனியன் ஆம்பளதான அத்த?"

"அதுல என்ன சந்தேகம்?"

"குச்சியில இருக்கது பொம்பள."

அத்தை என்னைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, எச்சியிலகூடவா ஆம்பள பொம்பள தெரியும்?"

"எந்த வீட்டுப் பொம்பளன்னுகூடத் தெரியும். உரக்கடை வீடு."

"அடி ஆத்தி" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். "இனி வெளிய எச்சி துப்பக்கூட யோசிக்கணும் போலருக்கே."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பியதும் அத்தை ஒரு சம்படத்தில் வறுத்த கருவாடு எடுத்துக்கொண்டு, குச்சியை முந்தானையில் முடிந்துகொண்டு உரக்கடைக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் நாய்க்குக் கண்ணு பட்டுவிட்டது, வத்தல் தின்று வயிறு வீங்கியதே அதனால்தான், ஒரு நல்ல நாயின் எச்சிலைத் தொட்டுத் தடவினால் திருஷ்டி கழியும் என்று அந்த வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு பரிகாரம் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கும் கிடையாது, அத்தை போகிற வழியில் உண்டாக்கியது. ஆனால் அந்தம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. நாயின் வாயை அவரே பிடித்துக் கொடுத்து, "ஆமாக்கா, எங்க அப்பத்தாகூடச் சொல்வாக" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

"எதுக்கு அத்த இம்புட்டு வேல?"

"எதுக்கா? கோம்பைன்னு வந்தா இருக்கட்டும்னு தெருவுக்கு முன்னால சொல்லிப்புட்டேன்ல? பெறகு, வரணும்ல?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் கதவோரம் நின்ற மாமாவின் குரல் கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மொதக் குச்சி?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் மாடியிலிருந்து இறங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "அது தம்பியோடதுதேன் மாமா. கோம்பை கொஞ்சம் இருக்கு. மிச்சம் என்னன்னு தெரியல."

"ஆழத்துலயும் இல்லயா?"

"இல்ல மாமா. அடிவரைக்கும் பாத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் சங்கிலியோடு வந்தார். சங்கிலியைப் பார்த்ததும் நாய், வாக்கிங் போகிறோம் என்று நினைத்துக் கொல்லை முழுக்கக் குதித்தது, அவர் வேட்டியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தது. அவர் அதன் கழுத்துப் பட்டையில் கொக்கியை மாட்டப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம் என் வேலையையும், லட்சம் துண்டுகளையும், சுவரேறிக் குதித்த என் சாமர்த்தியத்தையும் ஒன்றாகக் கட்டிக் கிணற்றில் போடலாம்போல இருந்தது.

"எங்கன கெளம்பிட்டீக?" என்றார் அத்தை.

"பொட்டிப்புரத்துக்கு. நாலு பேருக்கு முன்னால சொன்னது சொன்னதுதேன். இல்லன்னு ஆயிருச்சுல்ல."

அத்தை முறத்தைத் தள்ளிவைத்தார்.

"ஆமா, சொன்னேன். வாயிருக்கு, சொன்னேன். இந்தா நிக்கிறாளே, இவளத்தேன் கட்டுவேன்னு ஒங்க மகன் வந்து நின்னப்ப எம்புட்டுச் சொன்னேன்? சர்ச்சுக்குப் போற வீடு, நமக்கு ஒத்து வருமா, ஆளு யாரு எவருன்னு தேனி பஜாரு பூராம் ஆள விட்டு விசாரிச்சோம்ல? விசாரிச்சு என்னத்தக் கண்டோம்? வந்து இங்கனதேன் இருக்கா. இந்த வீட்டுல என்ன கொறஞ்சு போச்சு? அதே மாதிரி இதுவும் கெடந்துட்டுப் போகுது. சங்கிலிய உள்ள வைங்க மொதல்ல."

அந்த விசாரணை எனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பிய ஆள் எங்கள் கடையிலேயே வந்து மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டு அப்பாவிடமே அப்பாவைப் பற்றி விசாரித்தார். அந்த அவமானத்தை நான் பல வருஷம் நெஞ்சுக்குள் காய்ச்சி வைத்திருந்தேன். வேறொரு நாளில் யாராவது என்னை நாயோடு சேர்த்து ஒரே மூச்சில் பேசியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அன்றைக்குக் கோபம் வரவே இல்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் இங்கே இருப்பது அவருக்குச் சம்மதம் என்று அத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமா நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நின்றுகொண்டே இருந்தால் நானும் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்து கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "காம்போட போடாத. பாத்து ஆயி" என்றார்.